கொடுத்து வைத்த வீடுகள்

கொச்சி ராஜாவுக்கு அரண்மனைத் தரையை மாற்றிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ராஜாவின் ஆசைக்கு எஸ்டிமேட் யார் கேட்பது? சீனாவுக்குச் சொல்லி அனுப்பினார். கப்பல் நிறையப் பீங்கான் டைல்ஸ் வந்து இறங்கியது. வெள்ளை உடம்பில் நீலச் சித்திரம், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. அவ்வளவு தூரம் வந்த சரக்கு அரண்மனை வாசலை மட்டும் தாண்டவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே தரையாகிவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீங்களும் அதன்மேல் நடக்கலாம்.

அந்த அரண்மனை இருக்கும் மட்டாஞ்சேரியில் வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை இது. நிஜமா, கட்டுக்கதையா என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். முதலில் அந்த ராஜா வீட்டின் மராமத்துக் கணக்கைப் புரட்டுவோம். மகா ருசியான கணக்கு அது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் நம் பெரியவர்கள். பழைய வீட்டை இடித்துச் சரிசெய்து பார் என்று ஏன் சேர்க்கவில்லை தெரியுமா? அதைச் செய்து பார்த்தவர்களுக்குப் பழமொழி சொல்லும் தெம்பு மிஞ்சியிருக்காது. பாத்ரூம் குழாய் ஒன்றை மாற்றலாம் என்று ஆரம்பிப்போம். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலின் விலை குறைந்தது ஒரு லட்சம். இப்படி எல்லோரும் கைக்காசைக் கரைக்கும் இடத்தில், கொச்சி ராஜ குடும்பம் மட்டும் ஒரு பைசா செலவில்லாமல் வீடும் வாங்கி, மராமத்தும் பார்த்துக்கொண்டது!

வீடு போர்ச்சுகீசியர் கட்டிக் கொடுத்தது. 1555 வாக்கில், வீர கேரள வர்மா காலத்தில். பக்கத்தில் இருந்த ஒரு கோயிலை அவர்களின் ஆட்கள் சூறையாடிவிட்டதாகவும், ராஜாவின் கோபத்தைத் தணிக்க இந்த அரண்மனையைக் கட்டித் தந்ததாகவும் சொல்வார்கள். மிளகு வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் கலந்திருக்கும். நூறு வருஷம் கழித்து, வீடு பழசாகிச் சரிசெய்யும் நேரம் வந்தபோது, போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1663இல் கொச்சியைப் பிடித்த கையோடு அரண்மனையையும் அவர்களே பழுது பார்த்து, கொஞ்சம் விஸ்தரித்தும் கொடுத்தார்கள். கட்டியவன் ஒருவன், வெள்ளை அடித்தவன் இன்னொருவன். பெயர் மட்டும் வெள்ளை அடித்தவனுக்குப் போய்விட்டது. டச்சு அரண்மனை என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். உலகத்தில் எந்தக் காண்ட்ராக்டருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

வெளியே நின்று பார்த்தால் இதுவா அரண்மனை என்று தோன்றும். வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு தளம். உள்ளே கேரளத்து நாலுகட்டு. நடு முற்றத்தில் ராஜ குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதி. கிறிஸ்தவர்கள் கட்டிக் கொடுத்த வீட்டில் நடுநாயகமாக அம்மன் கோயில்! மாடியில் ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். காவியும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு அங்குலம் விடாமல் ஆட்கள். கீழ்த்தள அறை ஒன்றில் வெறும் கோடுகளோடு நின்றுவிட்ட சித்திரமும் உண்டு. வண்ணம் பூச ஓவியர் திரும்பி வரவில்லை. ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்று தூரிகையை வைத்துவிட்டுப் போனவராக இருக்க வேண்டும். வீட்டு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது சுவரை அல்ல, தரையை. மாடித் தரை கன்னங்கரேல் என்று, மெருகேற்றிய கருப்பு சலவைக்கல் போல மின்னும். குனிந்து பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு எங்கேயும் இல்லை. ஏனென்றால் அது கல்லே இல்லை. கொட்டாங்குச்சியைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, செடிகொடிகளின் சாறு, முட்டை வெள்ளைக்கரு. இவ்வளவுதான் சரக்கு. கரி நிறத்தைத் தருகிறது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி வருஷக்கணக்கில் மறுபடி கல்லாக இறுகுகிறது. வெள்ளைக்கருவும் சாறும் பூச்சைப் பிணைத்து வழவழப்பைக் கொடுக்கின்றன. காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்; செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சில் முட்டை உடைத்து ஊற்றிய கதை அவர்களுக்குப் பாலபாடம். அவர்கள் சுவருக்குப் போட்டதைக் கொச்சியில் காலுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் முட்டை, அந்த மஞ்சள் கருவெல்லாம் யார் வீட்டு ஆம்லெட் என்று யோசித்துக்கொண்டே நடந்தால் ராமாயணத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவீர்கள்.

சரி, டைல்ஸ் கதைக்கு வருவோம்.

அரண்மனையை ஒட்டியே யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம். ராஜா கொடுத்த இடத்தில் 1568இல் கட்டியது. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பிச்சைக்காரர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் சரவிளக்குகளைப் பார்த்து வாயடைத்துப் போவீர்கள். ஊரில் சொல்லும் கதையில், சீன டைல்ஸ் வந்து இறங்கியதும் யூதப் பெரியவர்கள் ராஜாவிடம் போய், மெதுவாக ஒரு பேச்சைப் போட்டார்கள். ‘தம்புரானே, இந்தச் சரக்கைச் செய்கிறபோது பசுவின் ரத்தம் கலக்கிறார்கள் என்று கேள்வி.’ ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பசுவைக் காக்கும் வம்சம், நடு வீட்டில் பகவதி. இதைக் கொண்டு வந்து உள்ளே பதிப்பதா? அப்படியென்றால் இவ்வளவையும் என்ன செய்வது என்று தவித்தார். ‘எங்களுக்கு அந்தத் தோஷம் இல்லை, தம்புரானே. தூக்கிப் போடுவதற்கு எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.’ முடிந்தது கதை. அடுத்த வீட்டுக்காரர் பண்ணின செலவில் நம் வீட்டுக்குத் தரை!

கதை அருமை. நான் நம்பவில்லை. அந்தத் தரையைப் போட்டவராக வரலாறு காட்டுவது எசெக்கியேல் ரஹாபியை, வருஷம் 1762. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொச்சியில் வலது கையாக இருந்த யூத வணிகர் அவர். மிளகு பேரம், மன்னர்களிடம் தூது, கப்பல், கணக்கு எல்லாம் அவர் கையில். இரண்டு வருஷம் முன்னால், 1760இல், அதே தெருவில் ஜெப ஆலயத்துக்கு ஒரு மணிக்கூண்டையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவருக்குச் சீனத்துக் கான்டனிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் டைல்ஸ் தருவிப்பது பெரிய காரியமா? பணக்காரர் ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போட்டார் என்பதுதான் விஷயம். ஆனால் அதை வைத்துக் கதை சொல்ல முடியாது பாருங்கள். அதனால் ஊர் வேறு ஒன்றைச் செய்துகொண்டது. அதற்காக ஊரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பசுவின் ரத்தம் என்ற புளுகில் ஒரு வேடிக்கை உண்டு. சீனத்துப் பீங்கானில் மாடு சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. வெள்ளைக் களிமண், அதன்மேல் கோபால்ட் நீலம், அதற்கு மேலே கண்ணாடிப் பூச்சு, சூளை. அவ்வளவுதான். ஆனால் அதே 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் சீனாவைக் காப்பியடிக்கப் பார்த்து, அந்த வெண்மை வராமல் திண்டாடி, மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி மண்ணோடு கலந்தார்கள். போன் சைனா பிறந்தது அப்படித்தான். ஆக, அந்த யூதப் பெரியவர் சொன்னது கப்பலில் வந்த டைல்ஸுக்குப் பொய். நம் வீட்டு ஷோகேஸில் பூட்டி வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிறோமே, அந்த டீ செட்டுக்குப் பாதிக்கு மேல் நிஜம்.

உள்ளே போய்க் காலை வைத்ததும் முதலில் தெரிவது சில்லென்ற குளிர்ச்சி. அப்புறம்தான் நீலம். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அதே கிளை, அதே இலை திரும்பத் திரும்ப வரத்தான் செய்கிறது. ஆனால் அச்சு இல்லை, தூரிகை. ஒரு கல்லில் கோடு தடித்து மை கோத்திருக்கும், அடுத்த கல்லில் அதே கோடு மூச்சு வாங்கி மெலிந்திருக்கும். இடுக்குகளில் விளிம்பு லேசாகத் தேய்ந்து, இரண்டரை நூற்றாண்டு நடந்து தீர்த்த பாதங்கள் தெரியும். சல்மான் ருஷ்டி ஒரு நாவலில் இந்தத் தரையை மாயக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பத்து நிமிஷம் குனிந்தபடி நின்றால் யாருக்கும் கிறுகிறுக்கும்.

டைல்ஸை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இந்த ஆலயத்தில் பாதிச் சாமான் சீராக வந்ததுதான். தோரா என்ற வேதச் சுருளுக்குப் பொன் கிரீடம் கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. தரை விரிப்பு ஒன்று எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி தந்தது. கூரையில் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். 1662இல் போர்ச்சுகீசியர் இதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் 1664இல் மறுபடி எழும்பியது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் ஒரே சமயத்தில் மராமத்து. சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் கொத்தனார்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். யார் யாரிடம் சுண்ணாம்பு கடன் வாங்கினார்களோ!

எல்லா வீட்டுக்கும் இந்த யோகம் அமையவில்லை. இதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் ஜெப ஆலயம் என்று ஒன்று இருந்தது. பரதேசிகளுக்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபார் யூதர்களுடையது. 1950களில் அவர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போக, கட்டடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2019 மழையில் முன்பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, 1990களில், அதன் உள்வேலைப்பாடு, செதுக்கிய மரக் கூரை உட்பட, கழற்றப்பட்டு ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இப்போது அங்கே வண்ண மெருகோடு நிற்கிறது. வீடு போனது, மச்சு பிழைத்தது. இதை அதிர்ஷ்டத்தில் எழுதுவதா துரதிர்ஷ்டத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி எழுதலாம்.

இங்கிருந்து நீர்ப்பரப்பைத் தாண்டினால் வல்லார்பாடம். இந்தத் தீவில் நடந்தது இன்னும் பெரிய வீடு மாற்றம். 1524இல் போர்ச்சுகீசிய வணிகர்கள் கொண்டு வந்த மாதா படத்தை வைத்து இங்கே ஒரு தேவாலயம் இருந்தது. 1676இல் வெள்ளம் வந்து கோயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. படமும் போயிற்று. காயலில் மிதந்து போய்க்கொண்டிருந்த அந்தப் படத்தைக் கண்டு கரைசேர்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கொச்சி ராஜாவின் மந்திரி, பாலியத்து ராமன் வலியச்சன். இந்துப் பிரபு. எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை; புதுக் கோயில் கட்ட நிலமும் கொடுத்தார். அணையா விளக்கு ஒன்றைத் தந்து, அதற்கு எண்ணெயும் தன் அரண்மனையிலிருந்து வரும்படி செய்தார். கெடாவிளக்கு என்று மலையாளத்தில் சொல்வார்கள். வீடு போய்விட்டதே என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மனை, விளக்கு, எண்ணெய் என்று கிரகப்பிரவேசச் சீர் மொத்தமும் அடுத்த வீட்டு மதத்திலிருந்து!

பீடத்தில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கீழே இரண்டு பேர் இருப்பார்கள். ஒரு நாயர் பெண்மணியும் குழந்தையும். 1752இல் பள்ளியில் மீனாட்சி அம்மா என்பவர் மகனோடு படகில் போகும்போது புயலில் படகு கவிழ்ந்தது என்றும், மூன்றாம் நாள் மீனவர் வலையில் உயிரோடு கிடைத்தார்கள் என்றும் நம்பிக்கை. அதற்கப்புறம் அந்த இருவரையும் மாதாவின் காலடியில் சேர்த்து வரைந்துவிட்டார்கள். வல்லார்பாடத்தம்மாவுக்கு இங்கே விசேஷமான நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? துடைப்பம். முற்றத்தைப் பெருக்குவது. தங்கமும் வேண்டாம், மொட்டையும் வேண்டாம், வாசலைப் பெருக்கிவிட்டுப் போ என்கிற சாமி! வீட்டு வேலை நடந்த இடத்தில் மிச்சமாகிற சிமென்ட் தூசியை மூன்று மாதம் பெருக்கியவள் என்ற முறையில், எனக்கு இந்த அம்மா மேல் தனிப் பிரியம்.

2004இல் இது பசிலிக்கா ஆனது. கோஸ்ரீ பாலங்கள் வந்து தீவை எர்ணாகுளத்தோடு சேர்த்ததும் அதே வருஷம். 2011இல் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். கோபுரத்திலிருந்து பார்த்தால் கிரேன்கள்தான் ஊர். அந்த முனையத்துக்குச் சாலையும் ரயிலும் போடுவதற்காக 2008இல் மூலம்பிள்ளியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் 316 குடும்பங்களை வெளியேற்றினார்கள். மறுவாழ்வு என்று ஒதுக்கிய மனைகளில் பல, வீடு தாங்காத சதுப்பு நிலம் என்று வருஷக்கணக்காகப் போராடினார்கள். அவர்கள் வீட்டுக் கதையில் எந்த மந்திரியும் காயலில் கைநீட்டவில்லை.

நம் பக்கம் வந்தால், வீட்டைத் தோண்டும்போது புதையல் கிடைக்கிற யோகம் பெரும்பாலும் சாமி வீட்டுக்குத்தான். 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலை ஊர்க்காரர்களே திருப்பணி செய்யப் போய், கருவறைப் படிக்கல்லைப் பெயர்த்தால் அடியில் தங்கம், அரைக் கிலோவுக்கு மேல். கும்பாபிஷேகத்தில் அப்படியே திருப்பி வைத்துவிடுகிறோம் என்று ஊர் சொல்ல, கருவூலத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதிகாரிகள் சொல்ல, ஏக ரகளை. கடைசியில் அதிகாரிகள்தான் எடுத்துப் போனார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகள் இருபதுக்கு மேல் வந்தன. கூடவே தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கு மேல். ஞானசம்பந்தர் பிறந்த ஊரில், குடமுழுக்குக்கு ஒரு மாதம் முன்னால்! திருப்பணிக் கமிட்டிக்காரர்கள் அன்றைக்கு எப்படித் தூங்கினார்களோ.

உங்கள் வீட்டுச் சுவரில் ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது என்று ஆசை வந்திருக்குமே? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு ஒட்டிய எதிலோ மறைந்திருக்கும் பொருள், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பழைய உரிமையாளர் யாரும் இல்லை என்று தீர்மானமாகி, தனியாக ஒப்பந்தமும் இல்லையென்றால் பங்கு இப்படி: கண்டெடுத்தவருக்கு முக்கால், இடத்துக்காரருக்குக் கால். அதாவது சுவரை உடைத்த கொத்தனாருக்கு மூன்று பங்கு, கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்த உங்களுக்கு ஒரு பங்கு. மேஸ்திரி சுவரைத் தட்டும்போது பக்கத்திலேயே நிற்க இது ஒரு காரணம். சர்க்கார் தானே எடுத்துக்கொள்வதானால், பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை உள்ளேயும் இருக்கலாம்.

சுவருக்குள்ளிருந்து அல்லாமல் சட்டைப் பையிலிருந்து அதிர்ஷ்டம் வந்த வீடு ஒன்று கேரளத்தில் உண்டு. லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003இலேயே மூடிவிட்டார்கள். கேரளத்தில் அரசாங்கமே நடத்துகிறது. அங்கே தினமும் மூன்று மணி என்றால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். 2022 ஜூலையில், காசர்கோடு மாவட்டத்தில் ஒரு குடும்பஸ்தர். புது வீடு கட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுச் செலவும் பெண்கள் கல்யாணமும் சேர்ந்து ஐம்பது லட்சம் வாக்கில் கடன். வேறு வழியில்லாமல் அந்த வீட்டையே விற்க முடிவு செய்தார். நாற்பத்தைந்து கேட்டார், நாற்பதுக்கு மேல் பேச்சு நகரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டோக்கன் அட்வான்ஸோடு ஆட்கள் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் குலுக்கல் முடிவு வந்தது. அவர் வாங்கி வைத்திருந்த ஃபிஃப்டி-ஃபிஃப்டி சீட்டுக்கு முதல் பரிசு, ஒரு கோடி.

டோக்கனுக்கும் பரிசுக்கும் நடுவே இரண்டே மணி நேரம். வரியும் கமிஷனும் போகக் கைக்கு வருவது அறுபத்துச் சொச்சம் லட்சம் என்று அன்றைக்கே பத்திரிகைகள் கணக்குப் போட்டுவிட்டன. கடனைக் கட்டினால் பத்துப் பதிமூன்று லட்சம் மிச்சம். தெரிந்தவர் யாராவது வந்து உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்து, ‘அப்படியே மேலே ஒரு மாடி எடுத்துடலாமே’ என்று சொல்லாமல் இருந்தால் சரி.